தங்கைக்கு அனுப்ப வேண்டிய எண்

1

இன்று காலை கிளினிக்கில் வரவேற்பு மேசைக்கு முன்னால் நின்று, "எனக்கு என் ரத்தம் வேண்டும்" என்று ஆங்கிலத்தில் கேட்டுவிட்டேன். கேட்க நினைத்தது ரத்தப் பரிசோதனையின் முடிவை. இந்த நாட்டுக்கு வந்து பதினாறு வருஷம் ஆகிறது. இன்னும் கோபம் வந்தால் என் ஆங்கிலத்தில் பாதி வார்த்தை காணாமல் போய்விடுகிறது. வரிசையில் எனக்குப் பின்னால் நின்ற இரண்டு கிழவிகள் ஒருவரையொருவர் பார்த்துக்கொண்டார்கள். மேசைக்கு அந்தப் பக்கம் இருந்த அம்மாள் மட்டும் முகம் மாறாமல், ரத்தம் எடுத்து மூன்று வாரமாகிவிட்டது, அதைத் திருப்பித் தர முடியாது என்றாள்.

ஒருவழியாகப் புரியவைத்தேன். முடிவு டாக்டருக்குத்தான் வருமாம். ஏதாவது தப்பாக இருந்தால் அவரே கூப்பிடுவாராம். கூப்பிடவில்லையென்றால் எல்லாம் சரியாக இருக்கிறது என்று அர்த்தமாம். 'சரியாக இருக்கிறது' என்பதை நான் எப்படித் தபாலில் அனுப்புவது? தைராய்டு பரிசோதனையில் டி.எஸ்.எச். என்று ஒன்று இருக்கிறது, அதற்கு நேராக ஓர் எண் போட்டிருப்பார்கள், அதை ஒரு துண்டுக் காகிதத்தில் எழுதிக் கொடுத்தால் போதும் என்றேன். நோயாளிகளுக்கு அதெல்லாம் புரியாது, வீணாகக் குழம்பிப்போவார்கள் என்றாள். முன்பிருந்த லேடி டாக்டர் எழுதிக் கொடுப்பாரே என்றேன். அவர் வேறு ஊருக்குப் போய்விட்டாராம். அடுத்த வாரம் வியாழக்கிழமை டாக்டரைப் பார்க்க நேரம் குறித்துக் கொடுத்துவிட்டு, வரும்போது ஆங்கிலம் தெரிந்தவர் யாரையாவது கூட்டிக்கொண்டு வரும்படி, சத்தமாக, ஒவ்வொரு வார்த்தையாகச் சொன்னாள். எனக்குக் காது நன்றாகவே கேட்கும்.

இது போதாதென்று, மூன்று மாதத்துக்கு ஒருமுறை எனக்குப் போடும் பி12 ஊசிக்காக உள்ளே போனால், புதிதாக வந்திருக்கும் நர்ஸ் ஊசியைக் கையில் வைத்துக்கொண்டு, "நீங்கள் மீன் ஏதாவது சாப்பிடுவதுண்டா?" என்று அன்பாகக் கேட்டாள். பழவேற்காட்டு ஏரியில் ஒரு திட்டின்மேல் இருக்கும் மீனவக் குப்பத்தில் பிறந்தவளிடம் கேட்கிற கேள்வி இது. கையை நீட்டிக்கொண்டு சுவரைப் பார்த்துக்கொண்டிருந்தேன்.

எண் எதற்கு என்று சொல்லிவிடுகிறேன். அதே குப்பத்தில் என் தங்கை கன்னியம்மா இருக்கிறாள். அவளுக்கும் எனக்கு இருக்கிற தைராய்டு கோளாறுதான். இரண்டு குழந்தைகளை வயிற்றிலேயே பறிகொடுத்தவள், இப்போது ஐந்து மாதம். மாத்திரையைத் தவறாமல் சாப்பிட வேண்டிய நேரம் இது. போன திங்கட்கிழமை அவளிடமிருந்து கடிதம் வந்தது. அவள் பேசுகிற மாதிரியே எழுதுவாள்: "அக்கா, ரெண்டு தபாலா உன் சீட்டு வர்ல. மறுபடியும் பழைய வேலைய ஆரமிச்சிட்டியோன்னு எனக்கு சந்தேகம். அடுத்த அமாவாசைக்குள்ள உன் நம்பர் வர்லன்னா நானும் பாதி மாத்திரதான் துன்னுவேன். சொன்னா சொன்னதுதான்."

என் ரத்தத்துக்கும் அவள் மாத்திரைக்கும் என்ன சம்பந்தம் என்று கேட்பீர்கள். அதைத்தான் எழுத உட்கார்ந்திருக்கிறேன்.

2

வீட்டுக்காரர் கப்பல் என்ஜின் அறையில் வேலை பார்த்தவர். வட இங்கிலாந்தில் கம்பளி ஆலைகள் நிறைந்த இந்த ஊரில் கரையேறி, ஆலையில் சேர்ந்து, ஆயிரத்துத் தொள்ளாயிரத்து எழுபதில் என்னைக் கட்டிக்கொண்டு வந்தார். அடுத்த வருஷம் ரேவதி பிறந்தாள். அவளுக்கு ஏழு வயது ஆகும்போது எனக்கு அலுப்பு தொடங்கியது. முதலில் வேலை அலுப்பு என்று நினைத்தேன். நின்றால் தூக்கம், உட்கார்ந்தால் தூக்கம். தலை சீவினால் சீப்பு நிறைய முடி. இரண்டு கம்பளிச் சட்டை போட்டும் பல் கிட்டியது. தொண்டை கட்டி ஆண்குரலாகிவிட்டது. தொலைபேசியை எடுத்தால் எதிர்ப்பக்கம் 'சார்' போட்டுப் பேசினார்கள். மாடிப்படி ஏறும்போது இடுப்பு எலும்பு உள்ளேயிருந்து வலித்தது. வீட்டுக்காரர் குளிர் என்றார். எல்லாவற்றுக்கும் அவருக்குக் குளிர்தான் காரணம்.

அப்போதிருந்த டாக்டர் ஒரு பெரியவர். நான் போய் உட்கார்ந்ததும் கடிகாரத்தைப் பார்ப்பார். முதல் தடவை ஊர் ஞாபகம் என்றார். இரண்டாம் தடவை தூக்க மாத்திரை கொடுத்தார். தூங்கி வழிகிறேன் என்று சொன்னவளுக்குத் தூக்க மாத்திரை. மூன்றாம் தடவை உடம்பைக் குறைக்கச் சொன்னார். நாலாம் தடவை, இந்தியர்கள் வெறும் காய்கறியும் சோறும் தின்பதால்தான் இந்தக் கதி, வாரத்துக்கு இரண்டு நாளாவது மீன் சாப்பிடு என்றார். என் கோப்பில் 'சைவம்' என்று எழுதி வைத்திருந்தார்கள். என்னை யாரும் கேட்கவில்லை. புடவையைப் பார்த்து எழுதியிருக்கிறார்கள். எங்கள் வீட்டில் குழம்பில் மடவை மீன் மிதக்கவில்லையென்றால் நைனா தட்டை அப்படியே தள்ளிவிடுவார். இதை நான் டாக்டருக்கு எந்த ஆங்கிலத்தில் சொல்வது?

அதனால் ரேவதியைப் பள்ளிக்கூடத்துக்கு லீவு போடவைத்துக் கூட்டிப்போனேன். ஒன்பது வயதுப் பெண். நான் ஐந்து நிமிஷம் சொல்வதை அவள் ஐந்து வார்த்தையில் சொல்லி முடிப்பாள். மாதவிலக்கு அதிகமாகப் போகிறது என்று சொல்லச் சொன்னால் காது சிவந்து, "அம்மாவுக்கு வயிற்று வலி" என்பாள். வயிற்று வலி மருந்தோடு வீட்டுக்கு வருவேன். அவளை வையவும் முடியவில்லை. அந்த வயதில் என் அம்மாவின் உடம்பைப் பற்றி ஓர் ஆண்பிள்ளையிடம் நான் பேசியிருப்பேனா?

இப்படி இரண்டு வருஷம். பிறகு பெரியவர் விடுமுறையில் போன ஒரு மாதத்தில் ஓர் இளம் லேடி டாக்டர் வந்து உட்கார்ந்தார். என் குரலைக் கேட்டதும் எழுந்து பின்னால் வந்து நின்று, கழுத்தில் இரண்டு கையையும் வைத்து, தண்ணீர் கொடுத்து விழுங்கச் சொன்னார். நாலு குழாய் ரத்தம் எடுக்க எழுதிக் கொடுத்தார்.

3

முடிவு வந்த அன்று டி.எஸ்.எச். எழுபத்து நாலு என்றதும் நான் மகிழ்ந்துபோனேன். நூற்றுக்கு எழுபத்து நாலு என்றால் முதல் வகுப்புதானே? லேடி டாக்டர் என் முகத்தைப் பார்த்துவிட்டு ஒரு காகிதத்தை எடுத்துத் தலையும் கழுத்தும் வரைந்தார். நீளமாக விளக்கினார். ரேவதி எனக்கு மொழிபெயர்த்தது ஒரே வரி: "அம்மா, உன் கழுத்து தூங்குதாம். தலை கத்திகிட்டே இருக்காம்."

நான் அதற்குப்பிறகு எத்தனையோ பேரிடம் விளக்கம் கேட்டிருக்கிறேன். அந்த ஒரு வரிக்கு மேல் யாரும் தெளிவாகச் சொன்னதில்லை. கழுத்தில் இருக்கிற தைராய்டு சுரப்பிதான் உடம்பு முழுவதையும் ஓட்டுகிறது. அதை வேலை வாங்குவது தலைக்குள் இருக்கும் இன்னொரு சின்னச் சுரப்பி. கழுத்து ஒழுங்காக வேலை செய்தால் தலை மெல்லிய குரலில் சொன்னால் போதும். எண் ஐந்துக்குள் இருக்கும். கழுத்து சோர்ந்துவிட்டால் தலை கத்த ஆரம்பிக்கும். அந்தக் கத்தலின் அளவுதான் டி.எஸ்.எச். எண் பெரிதாக இருந்தால் கத்தல் அதிகம், வேலை குறைவு. பக்கத்திலேயே டி.ஃபோர் என்று இன்னோர் எண் போட்டிருந்தார்கள். அது கழுத்து உண்மையில் செய்து முடித்த வேலை. என்னுடையது தரையைத் தொட்டுக்கொண்டிருந்தது.

அத்தோடு முடியவில்லை. என் உடம்பே என் கழுத்தை எதிரி என்று நினைத்து அடித்திருக்கிறது. அப்படி அடிக்கிற உடம்பு சில பேருக்கு வயிற்றையும் சேர்த்து அடிக்குமாம். வயிறு கெட்டால் மீனிலும் கறியிலும் இருக்கிற பி12 சத்து ரத்தத்தில் சேராது. நான் ஏரியையே வற்றவைத்துத் தின்றாலும் அந்தச் சத்து எனக்குக் கிடைக்காது, ஊசியில்தான் ஏற்ற வேண்டும். அன்றைக்குத்தான் எனக்கு அழுகை வந்தது. இரண்டு வருஷமாக 'மீன் சாப்பிடு, மீன் சாப்பிடு' என்று கேட்டுக் கேட்டு, நானே என் சமையலைச் சந்தேகப்பட ஆரம்பித்திருந்தேன்.

மூன்றாவது வைட்டமின் டி. இடுப்பு வலிக்குக் காரணம் அது. போதுமான வெயில் படவில்லை என்றார். உச்சி வெயிலில் கருவாடு காயவைத்து, கால் சுட்டுப்போய் ஓடி ஓடி வளர்ந்த உடம்பு இது. பத்து வருஷம் மேகத்துக்குக் கீழே வைத்திருந்தால் அதுவும் தீர்ந்துபோகுமாம். ஆக, கழுத்துக்குத் தினமும் மாத்திரை, எலும்புக்கு வேறு மாத்திரை, ரத்தத்துக்கு ஊசி. மூன்று குறைக்கும் வெளியே தெரிகிற முகம் ஒன்றுதான்: அலுப்பு. அலுப்பைப் பார்த்து எது குறைகிறது என்று யாராலும் சொல்ல முடியாது. ரத்தம்தான் பிரித்துச் சொல்லும்.

மூன்று மாதத்தில் என் குரல் திரும்பி வந்தது. ஒருநாள் குளியலறையில் அந்தக் குரலைக் கேட்டபோது சட்டென்று கன்னியம்மா நினைவுக்கு வந்தாள்.

4

கன்னியம்மாவுக்கு அப்போது கல்யாணமாகி ஐந்து வருஷம். அவளைப் பற்றி வருகிற கடிதங்களில் எல்லாம் ஒரே புகார்தான். வலையைக் கையில் வைத்துக்கொண்டே தூங்குகிறாள். இறால் கூடையைப் போட்டுவிட்டு நிழலில் படுத்துவிடுகிறாள். கழுத்து உருண்டு கிடக்கிறது. குரல் ஆம்பிளைக் குரலாகிவிட்டது. முதல் பிள்ளை ஏழாம் மாதத்தில் போய்விட்டது. அவள் மாமியார் சோம்பேறி என்று ஊர் முழுக்கச் சொல்லிவிட்டு, மகனுக்கு வேறு பெண் பார்க்கப்போவதாக வேறு மிரட்டிக்கொண்டிருந்தாள்.

கழுத்தைக் காட்டி ரத்தம் பார்க்கச் சொல்லி எழுதினேன். பொன்னேரியில் ஒரு டாக்டர் அவளைத் தொட்டுக்கூடப் பார்க்காமல், கடல் மீன் தின்கிறவர்களுக்குத் தொண்டை நோய் வராது என்று திருப்பி அனுப்பிவிட்டார். இங்கே மீன் தின்னச் சொல்லி அனுப்பினார்கள். அங்கே மீன் தின்பதால் நோயே இல்லை என்று அனுப்பினார்கள். எங்கள் சாதிக்கு மீனைத் தவிர வேறு அடையாளமே இல்லை போலிருக்கிறது.

மறுபடியும் மறுபடியும் எழுதினேன். கடைசியில் அவள் வீட்டுக்காரரே படகில் பழவேற்காட்டுக்கும், அங்கிருந்து பஸ்ஸில் மெட்ராஸுக்கும் கூட்டிப்போனார். ஒரு பெரிய ஆஸ்பத்திரியில் ரத்தம் எடுத்தார்கள். முடிவு கிடைக்க ஐந்து வாரம், மூன்று நடை. அறுபத்திரண்டு. தினமும் இரண்டு மாத்திரை எழுதிக் கொடுத்தார்கள். ஆனால் மருந்துக்கடையில் ஒரு மாதம் இருக்கும், இரண்டு மாதம் இருக்காது. இங்கே தங்கைக்கு மருந்து எழுதித்தர முடியுமா என்று கேட்டேன். அவள் நேரில் வந்து பதிந்துகொள்ள வேண்டும் என்றார்கள். மருந்துக்கடையில் காசு கொடுத்து வாங்கப் பார்த்தேன். டாக்டர் சீட்டு இல்லாமல் தரமாட்டோம் என்றார்கள்.

அதனால் நான் செய்ததைச் சொல்கிறேன். எனக்கும் தினமும் இரண்டு மாத்திரைதான். ஒன்றைத் தின்றேன். ஒன்றைப் பாட்டிலில் போட்டேன். பாட்டில் நிறைந்ததும் பதிவுத் தபாலில் அனுப்பினேன். அடுத்த பரிசோதனையில் என் எண் பதினெட்டுக்கு ஏறியது. லேடி டாக்டர் நெற்றியைச் சொறிந்துகொண்டு மூன்று மாத்திரையாக ஏற்றினார். எனக்குச் சந்தோஷம். ஒன்றைத் தின்று இரண்டை அனுப்பினேன். அலுப்பு கொஞ்சம் கொஞ்சமாகத் திரும்பியது. வீட்டுக்காரர் குளிர் என்றார். நானும் அப்படியே வைத்துக்கொண்டேன்.

என் எண் ஏறுவதன் காரணம் எனக்குத் தெரியும். அவள் எண் ஏன் இறங்கவில்லை? அதுதான் புரியவில்லை. ஆறு மாதம் கழித்து ஐம்பத்தெட்டு. ஒரு வருஷம் கழித்து ஐம்பத்தைந்து. மாத்திரை போய்ச் சேர்கிறது, சாப்பிடுகிறேன் என்றுதான் எழுதுகிறாள். காலையில் வெறும் வயிற்றில் சாப்பிடு என்றேன். டீயோடு சாப்பிடாதே என்றேன். பாட்டிலை வெயிலில் வைக்காதே என்றேன். எல்லாவற்றுக்கும் சரிக்கா என்று பதில். எண்பத்து மூன்றில் இரண்டாவது பிள்ளையும் போய்விட்டது என்று தந்தி வந்தபோது, கடன் வாங்கி டிக்கெட் எடுத்தேன்.

5

போய்ச் சேர்ந்து இரண்டாம் நாள். அவள் வீட்டுக் கதவுக்கு உள்பக்கத்தில் கரியால் ஐந்து பெயர் எழுதியிருப்பதைப் பார்த்தேன். முதலில் கன்னியம்மா. அதற்குக் கீழே அக்கம்பக்கத்துப் பெண்கள் நாலு பேர். ஒவ்வொரு பெயருக்கும் எதிரே கோடுகள். இது என்ன என்று கேட்டேன். அவள் சர்வசாதாரணமாக, மாத்திரை முறை என்றாள்.

எங்கள் ஏரியில் மீன்பிடிப்புக்குப் பாடு என்று ஒரு முறை உண்டு. வலை கட்ட நல்ல இடங்கள் கொஞ்சம், தலைக்கட்டுகளோ அதிகம். அதனால் எந்த இடத்தையும் யாரும் தனதென்று வைத்துக்கொள்ள முடியாது. சீட்டுக் குலுக்கிப்போட்டு முறை வைத்துக்கொள்வார்கள். இன்று உன் வலை, நாளை என் வலை, அடுத்த நாள் அவன் வலை. முறை தவறி வலை கட்டியவன் ஊர்க்கூட்டத்தில் தலைகுனிந்து நிற்க வேண்டும். எங்கள் குப்பத்தில் பசி ஒரே வீட்டில் வந்து உட்காராமல் இருப்பதற்கு இந்த முறைதான் காரணம். கன்னியம்மா என் மாத்திரைக்குப் பாடு வைத்திருந்தாள்.

அலுப்பு, மயக்கம் என்று சொன்ன நாலு பெண்களைச் சேர்த்துக்கொண்டு சீட்டுக் குலுக்கியிருக்கிறார்கள். ஒருநாள் இரண்டு மாத்திரையும் ஒருத்திக்கு. மறுநாள் அடுத்தவளுக்கு. கன்னியம்மாவின் முறை ஐந்து நாளைக்கு ஒருதரம். மூன்று வருஷம். ஒருநாள்கூட முறை தவறவில்லை என்று பெருமையாக வேறு சொன்னாள்.

நான் கத்திய கத்தலில் அடுத்த வீட்டு ஆட்கள் எல்லாம் வந்துவிட்டார்கள். இது மடவை மீனா, பங்கு போட? உன் ரத்தத்தைப் பார்த்து உனக்கென்று அளந்து கொடுத்த மருந்து இது, உனக்கே பற்றாது, மற்றவர்களுக்கு என்ன குறை என்று யார் பார்த்தார்கள், இதனால்தான் பிள்ளை போயிற்று என்று வாயில் வந்ததையெல்லாம் கொட்டினேன். கடைசியில் சொன்னதைச் சொல்லியிருக்கக் கூடாது. அவள் முகம் இறுகிப்போயிற்று. உள்ளே போய், நான் முதல் தடவை அனுப்பிய பாட்டிலைக் காலியாகக் கொண்டுவந்து என் மடியில் வைத்தாள். இங்கே மருந்துக்கடையில் ஒட்டிய சீட்டு அதில் அப்படியே இருந்தது. அதில் தட்டச்சு செய்திருந்தது என் பெயர்.

"டீச்சரம்மாகிட்ட காட்டினேன். அஞ்சலைன்னு உன் பேருதான் போட்டுகிதாம். தெனம் ரெண்டுன்னும் போட்டுகிதாம். அப்போ நீ இன்னாத்த துன்ன?"

நான் பாட்டிலின் மூடியைத் திருகிக்கொண்டிருந்தேன்.

"நீ உன் பங்குல பாதிய அனுப்புவ. அத நான் முழுசா முழுங்கிட்டு ஒக்காந்துக்கணும். அது எனக்கு செரிக்குமாக்கா?"

அந்த வாரமே இரண்டு பேரும் மெட்ராஸுக்குப் போய் ரத்தம் கொடுத்தோம். என் விடுமுறையை இரண்டு வாரம் நீட்டித்து, விமானக் கம்பெனிக்காரனோடு சண்டை போட்டு, முடிவுக்காகக் காத்திருந்தேன். எனக்கு இருபத்தாறு. அவளுக்கு ஐம்பத்தேழு. டாக்டர் இரண்டு சீட்டையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பார்த்துவிட்டு, உங்களில் வைத்தியம் செய்துகொள்வது யார் என்று கேட்டார். இரண்டு பேரும்தான் என்றேன். இதைப் பார்த்தால் ஒருத்தரும் இல்லை என்றார்.

மற்ற நாலு பெண்களையும் பிறகு பரிசோதித்தார்கள். அதில் ஒருத்திக்குத்தான் தைராய்டு. இரண்டு பேருக்கு ரத்தசோகை. இரும்புச்சத்து மாத்திரையில் தெளிந்தார்கள். நாலாமவளுக்கு எந்த எண்ணிலும் குறையில்லை. ஆறு பிள்ளைகளையும் குடிக்கிற புருஷனையும் வைத்துக்கொண்டு அவள் வேறு எப்படி இருப்பாள்? அவளுக்கு மட்டும் எந்தச் சீட்டும் உதவவில்லை.

கன்னியம்மாவுக்கும் தைராய்டு இருந்த அந்த ஒருத்திக்கும் மருந்து தவறாமல் கிடைக்க அந்த டாக்டரே மெட்ராஸில் ஏற்பாடு செய்துகொடுத்தார். நான் அனுப்ப வேண்டிய அவசியம் தீர்ந்தது. கிளம்பும் அன்று படகுத்துறையில் கன்னியம்மா ஒரு நிபந்தனை போட்டாள். நான் முழுதாகச் சாப்பிட்டால்தான் அவளும் முழுதாகச் சாப்பிடுவாள். வாயால் சொன்னால் நம்பமாட்டாள். ஆறு மாதத்துக்கு ஒருதரம் என் எண் எழுதிய சீட்டு அவளுக்குப் போக வேண்டும், அவள் சீட்டு எனக்கு வரும். போன வருஷம் வரை அப்படித்தான் நடந்தது. அவள் எண் நாற்பது, பதினைந்து, ஆறு, மூன்று என்று இறங்கியது. இப்போது வயிற்றில் ஐந்து மாதம்.

அந்தச் சீட்டைத்தான் இன்று காலை எனக்குத் தரமாட்டோம் என்றார்கள்.

6

இதுவரை எழுதிவிட்டு நிறுத்தி ஒன்பது நாளாகிறது. வியாழக்கிழமை ரேவதியைக் கூட்டிக்கொண்டு போனேன். பதினைந்து வயது. தெருவில் என்னோடு தமிழ் பேசமாட்டாள். பஸ்ஸில் இரண்டு இருக்கை தள்ளி உட்காருவாள். கடிதத்தில் சித்திக்கு ஒரு வரி எழுது என்றால் பேனா தேடுகிற சாக்கில் எழுந்து போய்விடுவாள். அன்றும் முகத்தைத் தூக்கி வைத்துக்கொண்டுதான் வந்தாள்.

புது டாக்டர் கோப்பைப் பிரித்தார். அவர் வாயைத் திறக்குமுன் ரேவதி தலைகீழாகவே படித்துவிட்டாள். பதினொன்று. டாக்டர் கொஞ்சம் ஏறியிருக்கிறது என்றார். அப்படியானால் தப்பாக இருந்தால் கூப்பிடுவோம் என்றார்களே, ஏன் கூப்பிடவில்லை என்று கேட்கச் சொன்னேன். கடிதம் தட்டச்சுக்குப் போயிருக்கிறதாம். மாத்திரையை இன்னும் ஒன்று ஏற்றிவிடலாம் என்று பேனாவை எடுத்தார்.

ரேவதி என் பக்கம் திரும்பினாள். அந்த அறையில் யாருக்கும் புரியாது என்பதற்காகத் தமிழில் பேசினாள். ஒவ்வொரு வார்த்தையாகத் தேடி எடுத்தாள்.

"அம்மா, பீரோல புடவைக்குக் கீழ ஒரு பாட்டில் இருக்கு. நான் எண்ணினேன். அறுபத்தெட்டு மாத்திரை. நீ சொல்றியா, நான் சொல்லட்டுமா?"

ஆமாம். கன்னியம்மா உண்டாகியிருக்கிறாள் என்று கடிதம் வந்த அன்றிலிருந்து தினமும் ஒன்று எடுத்து வைக்கிறேன். பிள்ளை வயிற்றில் இருக்கும்போது மருந்து அதிகம் தேவைப்படும் என்று யாரோ சொன்னார்கள். மெட்ராஸில் ஒரு மாதம் கிடைக்காமல் போனால்? அவளுக்கு அங்கே மருந்து ஒழுங்காகக் கிடைக்கிறது என்று எனக்குத் தெரியும். தெரிந்தும் கை தானாகப் போகிறது. விரல் மரத்துப்போனதற்கும் மாடிப்படியில் மூச்சு வாங்கியதற்கும் நானே குளிர் என்று பெயர் வைத்துக்கொண்டேன். கிளினிக்கில் எண் கேட்டுக் கத்தியபோதுகூட எண் நன்றாகத்தான் இருக்கும் என்று நம்பிக்கொண்டிருந்தேன். வரவேற்பு மேசை அம்மாளைத் திட்டினேனே, அவள் தராமல் இருந்ததே எனக்கு நல்லதாகப் போயிற்று என்றுகூட அந்த நிமிஷம் தோன்றியது. வெட்கமாக இருந்தது.

ரேவதியையே சொல்லச் சொன்னேன். சொன்னாள். இந்தத் தடவை ஒரு வார்த்தையும் விடவில்லை. டாக்டர் பேனாவை மூடும் வரை நிறுத்தவில்லை. அளவை ஏற்ற வேண்டாம், கொடுத்ததை ஒழுங்காகச் சாப்பிட்டுவிட்டு எட்டு வாரம் கழித்து வரட்டும் என்றார். எண்ணை ஒரு காகிதத்தில் எழுதித் தரவேண்டும் என்று ரேவதி கேட்டாள். அவர் மறுபேச்சில்லாமல் எழுதிக் கிழித்துக் கொடுத்தார். எனக்கு அது எரிச்சலாகவும் இருந்தது. பதினாறு வருஷம் இந்த நாட்டில் இருந்தும் நான் கேட்டு வாங்க முடியாததை அவள் அரை நிமிஷத்தில் வாங்கிவிட்டாள்.

எந்த எண்ணை எழுதுவது என்று வீட்டுக்கு வந்து ஒரு நாள் முழுக்க யோசித்தேன். மூன்று என்று எழுதிவிட்டால் அவள் தொடர்ந்து சாப்பிடுவாள். பதினொன்று என்று எழுதினால் நிறுத்திவிடுவாள். அவள் வயிற்றில் இருப்பது மூன்றாவது பிள்ளை. பொய் எழுதக் காகிதத்தை எடுத்தேன். காலிப் பாட்டிலை என் மடியில் வைத்த அவள் கை நினைவுக்கு வந்தது. டாக்டர் எழுதிய துண்டையே உள்ளே வைத்து, கீழே எழுதினேன்: "தப்பு என்னுடையது. எட்டு வாரத்தில் சரிசெய்துவிடுகிறேன். உன் காலில் விழுகிறேன், நீ மட்டும் பாதியாக்கிவிடாதே."

7

இன்று பதில் வந்தது. போய் வர இருபத்திரண்டு நாள். இந்த இருபத்திரண்டு நாளும் காலை ஏழு மணிக்கு ரேவதி சமையலறையில் என் முன்னால் நிற்கிறாள். மூன்று மாத்திரையையும் விழுங்கிய பிறகு வாயைத் திறந்து காட்டச் சொல்கிறாள். நாக்கைத் தூக்கச் சொல்கிறாள். அதற்குப் பிறகுதான் பள்ளிக்கூடத்துக்குக் கிளம்புகிறாள்.

உறையைக் கிழிக்கக் கை வரவில்லை. ரேவதியிடம் கொடுத்தேன். எழுத்துக் கூட்டித்தான் படிப்பாள். நாலு வரியைப் படிக்கப் பத்து நிமிஷம் எடுத்துக்கொண்டாள். நான் பிடுங்காமல் நின்றேன்.

"அக்கா, நம்பர் பாத்தேன். நான் நிறுத்தல. பாதின்னு சொன்னது உன்ன பயமுறுத்தத்தான். புள்ள நல்லா ஒதைக்குது, என் நம்பர் ரெண்டர. நீ இன்னும் பாடு வெச்சிக்கினு கீறியா? இங்க நாங்க அத விட்டு மூனு வருசம் ஆவுது."